வெலிசாரின் பத்தாவது ராஜினாமா

வெலிசாரைப் பற்றி எழுதச் சொன்னால் எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் நல்லதாகத்தான் எழுதுவார்கள். எனக்கோ அவன்மேல் பொறாமை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை நல்லவன் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

பகலில் அவன் பேருந்து ஓட்டுநர். மொராவா ஆற்றுப் பாலத்திலிருந்து ரயில் நிலையம் வரை தினம் எட்டு நடை. மாலையில் ம்லினார் கால்பந்து அணியின் கோச். நான் லுபின்கோ, அவனுடைய உதவிக் கோச். கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். நாங்கள் ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஒரே அணி. அவன் பதினோரு வருடம் கேப்டனாக ஆடினான். அதே பதினோரு வருடம் நான் மாற்று கோல்கீப்பராகப் பெஞ்சைத் தேய்த்தேன். மொத்தம் ஒன்பது ஆட்டம் ஆடியிருக்கிறேன். அதிலும் இரண்டு மழையால் பாதியில் நின்றுபோனவை.

பேக்கரிக்காரி அவனைக் கண்டால் இறைச்சி அடைத்துச் சுட்ட புரெக் தட்டின் நடுவிலிருந்து சூடான துண்டாகப் பார்த்து வெட்டுவாள். எனக்கு ஓரம்தான். இதையெல்லாம் கவனிப்பவன் அற்பன் என்பீர்கள். கவனித்தேன், என்ன செய்ய? என் மனைவி ஸ்மில்யா இருக்கிறாளே, அவள் அதற்கும் மேல். செப்டம்பரில், குளிர்காலத்துக்குச் சட்னி கிளறி வைக்க ஊரே மிளகாய் சுட்டுக்கொண்டிருந்த ஒரு நாள் ஆரம்பித்தாள்.

"வெலிசாரைப் பாருங்க. அத்தனை மிளகாயையும் அவரே சுட்டு, அவரே தோல் உரிச்சுப் பொண்டாட்டிக்குக் கொடுக்கறாரு. நீங்க சட்டியக்கூடக் கிளற மாட்டீங்க."

"அப்ப அவனையே கட்டியிருக்க வேண்டியதுதானே?"

"அவரு கேக்கலியே!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

போன இலையுதிர் காலத்தில் முதலிடத்தில் இருந்த அணியை ஜெயித்தோம். எங்கள் கீப்பர் இரண்டு பெனால்டியைத் தடுத்தான். உதைப்பவனின் இடுப்பைப் பார், அவசரப்பட்டு விழாதே என்று இரண்டு வருடமாக அவனுக்கு ஓதியவன் நான். மறுநாள் செய்தித்தாளில் வெலிசாரின் படம், வெலிசாரின் மூளை, வெலிசாரின் துணிச்சல். "உன் பேரத்தான்டா முதல்ல சொன்னேன், பத்திரிகைக்காரன்தான் போடல" என்றான் அவன். உண்மையாகவே சொல்லியிருப்பான். அதனால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிந்தது.

அவன் ராஜினாமா செய்வதைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். எங்கள் கிளப்பில் அது வருடாந்தரச் சடங்கு. ஜனவரியில், ஆட்டம் இல்லாத நாட்களில், மாவு மில்லின் மாடி அறையில் கமிட்டி கூடும். வசந்தத்தில் ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று பேச்சு நடக்கும். மில் முதலாளி ஸ்ரெடோயேதான் கிளப் தலைவர். வெலிசார் ஆள் கேட்பான், தலைவர் கையை விரிப்பார். வெலிசார் கோட்டுப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசையில் வைப்பான். உடனே நான், "கோச் போனா டீமும் போச்சு, தலைவரே" என்பேன். அது என் வசனம். யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் உதவிக் கோச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். தலைவர் காகிதத்தைப் பிரிக்காமலே அதன்மேல் ஒரு கிளாஸ் பிளம் சாராயத்தை வைத்து வெலிசார் பக்கம் தள்ளுவார். கேட்டதில் பாதி கிடைக்கும். ஒன்பது வருடம் இப்படித்தான் நடந்தது.

பத்தாவது வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூடினோம். வெளியே முழங்கால் அளவு பனி.

"ஒரு ஸ்ட்ரைக்கர், ஒரு லெஃப்ட் பேக். பசங்களுக்கு இப்பக் குடுக்கறதுல கை வைக்காதீங்க. அவ்வளவுதான் தலைவரே," என்றான் வெலிசார்.

"இந்தத் தடவ ஆட்டக்காரங்களுக்குப் பாதிதான். மீதிய வச்சு கேலரிக்குக் கூரை போடறேன். எங்கப்பா பேர்ல."

"கூரையா தலைவரே கோல் போடும்?"

"மழையில நனையறவன் டிக்கெட் வாங்க மாட்டான்டா."

"ஆள் இல்லாத டீமப் பாக்க எவன் வருவான்? அண்ணாந்து உங்க கூரையப் பாத்துட்டுப் போவானா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவரின் காது சிவந்தது. வெலிசார் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெலிசாரும் பார்த்தான். வசனம் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் எனக்கு அந்தச் செய்தித்தாள் ஞாபகம் வந்தது. 'அவரு கேக்கலியே' என்ற சிரிப்பு ஞாபகம் வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வாயை மூடியிருந்தேன்.

தலைவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு காகிதத்தைப் பிரித்தார். மூன்றே வரிகள்தான் இருந்திருக்கும். படித்தார், பேனாவைத் தேடினார், கையெழுத்துப் போட்டார்.

"சரி. உன் இஷ்டம் வெலிசார்."

வெலிசார் தொப்பியை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுப் படி இறங்கினான். தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ எத்தனை ஆள் கேப்ப?"

"இருக்கறவங்களே போதும் தலைவரே."

யோசிக்காமல் சொன்னேன். அவர் உடை மாற்றும் அறையின் சாவியை என் முன்னால் போட்டார். பத்து வருடம் ஏங்கிய பதவி அரை நிமிடத்தில் கிடைத்தது. இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு இறங்கினேன்.

வெளியே அவனுடைய பழைய கார் புகை விட்டபடி நின்றிருந்தது. அரை மணி நேரமாக அங்கேயே இருந்திருக்கிறான். என்னைக் கண்டதும் எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"ஏறுடா. ஹீட்டர் இப்பத்தான் சூடாவுது. எழுதிக் குடுத்துட்டியா?"

"என்னத்த?"

"உன் ராஜினாமாவத்தான். நீ வாயத் தொறக்காம இருந்தப்பவே புரிஞ்சுபோச்சு. வருஷா வருஷம் கையேந்துனது போதும்னு முடிவு பண்ணிட்டன்னு. எனக்கு இந்தத் தைரியம் வரலடா, நீதான் குடுத்த." அவன் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. "பாலத்துக்கு அந்தப் பக்கத்து டீம்ல வருஷா வருஷம் கூப்புடறாங்க. லுபின்கோவும் வந்தாத்தான் வருவேன்னு சொல்லி வச்சிருக்கேன். நேரா அங்கயே போயிரலாம்."

நான் ஏறவில்லை. கையிலிருந்த சாவியை அவன் பார்த்துவிட்டான்.

"நான்தான்டா இப்ப கோச்," என்றேன்.

"ஓ," என்றான். பிறகு, "எத்தனை ஆள் தரான்?" என்று கேட்டான்.

"ஒருத்தரும் இல்ல."

திட்டுவான் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம். அவன் ஹீட்டரை அணைத்தான். பிறகு எட்டிக் கதவைச் சாத்தினான், பலமாகக்கூட அல்ல. கார் பாலத்துப் பக்கம் போகவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பியது.

அந்த நிமிடமும் எனக்கு அவன்மேல் பொறாமைதான். என்னைப் போன்ற ஒருவனை நம்பி அரை மணி நேரம் குளிரில் காத்திருக்க அவனால் முடிந்தது. எனக்காக அப்படிக் காத்திருக்க இனி இந்த ஊரில் ஆள் இல்லை.