ஜீப்பில் பிறந்த சபையும் நான் அழித்த படமும்

இல்லை, யாரும் ஹேக் செய்யவில்லை. கம்பம் பதிவை நானேதான் அழித்தேன். "லிங்க் வேலை செய்யல ப்ரோ, அந்த ஊருக்குப் போகணும்" என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். பதில் இதுதான். சந்தோஷமான பதிவு கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதியவர்களுக்கு: நான் இறையியல் கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டு ஓடியவன். என் அறைத்தோழன் ஜெபா (பெயர் மாற்றியிருக்கிறேன், காரணம் புரியும்) ஓடவில்லை. படித்து முடித்து, கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் ஊழியம் செய்கிறான். போன அக்டோபரில் அவன் சபையின் அறுப்பின் பண்டிகைக்குப் போனேன். தகரக் கூரை, இருபத்திரண்டு குடும்பங்கள். காணிக்கையாகத் திராட்சைக் கூடை, வாழைத்தார், ஒரு சேவல்.

அந்தச் சபை கட்டடத்தில் பிறக்கவில்லை, ஜீப்பில் பிறந்தது. மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்கள், கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயந்து ஜெபிக்க ஆரம்பித்தார்கள். ஓர் அம்மா தொடங்குவார், மற்றவர்கள் பின்னால் சொல்வார்கள். மேலே போய் இறங்கும்போதுதான் ஆமென். பல வருடங்களுக்கு அவ்வளவுதான் சபை.

அங்கே எல்லோருக்கும் இரண்டு பெயர். பள்ளிக்கூடத்தில் ஒன்று, சபையில் ஒன்று. எல்லாம் பட்டியல் சாதிக் குடும்பங்கள். கிறிஸ்தவர் என்று பதிவானால் அந்தச் சாதிச் சான்றிதழ் செல்லாது. எனக்கு அப்போதும் இது தெரியும். தெரிந்தும் கோழைத்தனம் என்று நினைத்தேன். எல்லோரையும் நிற்கவைத்து, நானும் ஓரமாக நின்று படம் எடுத்து, சபைப் பெயர்களை வரிசையாகக் கீழே போட்டு, "பெயரை மறைத்தால் அது விசுவாசமே இல்லை" என்று எழுதினேன். "ஏலே, பேரு மட்டும் வேணாம்டா" என்று ஜெபா சொன்னான். நான்தான் அறிவாளியாயிற்றே.

ஜீப்பில் ஜெபத்தைத் தொடங்குகிற அந்த அம்மாவின் மகள், சபையிலேயே முதல் ஆளாக நர்சிங் முடித்தவள். அரசு வேலைக்குத் தேர்வாகி, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் காத்திருந்தாள். யாரோ என் பதிவைப் பிரிண்ட் எடுத்து, அவள் கிறிஸ்தவள் என்று ஒரு மனுவோடு சேர்த்து அனுப்பிவிட்டார்கள். விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. அதற்காகத்தான் இரண்டாவது தடவை போனேன்.

சனிக்கிழமை காலை 5.40க்கு மதுரை ஆரப்பாளையத்தில் பஸ். தேனி 77 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், 65 ரூபாய். அங்கிருந்து கம்பம் 40 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், 35 ரூபாய். வீரபாண்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் பச்சை. போன தடவை அதைப் பற்றி நான்கு பத்தி எழுதியிருந்தேன். இந்தத் தடவை ஜன்னலோரம் கிடைத்தும் பார்க்கத் தோன்றவில்லை. கம்பத்திலிருந்து ஷேர் ஆட்டோ, 20 ரூபாய்.

ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"படத்துல ஓரமா இளிச்சுக்கிட்டு நின்னது நீங்கதான?"

"ஆமாண்ணே."

"நாங்க கும்புடுறது வீரபாண்டி ஆத்தாவ. அவுகளுக்கு ரெண்டு பேருன்னு ஊருக்கே தெரியும். ஒருத்தரு வாயத் தொறந்தமா? நீங்க எங்கிருந்தோ வந்து தொறந்துட்டுப் போயிட்டீக."



ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஆராதனை. பாய்கள் எல்லாவற்றையும் விரித்திருந்தார்கள். வந்தது ஒன்பது பேர். நிறைந்த சபைக்குப் பேசுவதுபோல முக்கால் மணி நேரம் ஜெபா பேசினான். முடிந்ததும், "ஏலே, திட்டவாச்சும் செய்டா" என்றேன்.

"திட்டி என்னத்துக்கு? நீ போயிருவ. நான் இங்கனதான இருக்கணும்."

திங்கள் காலை ஆறு மணிக்கு ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். முன்பெல்லாம் ஒரே ஜீப், பதினாறு பேர் நெருக்கிக்கொண்டு போவார்கள். இப்போது இரண்டு. சபைக்காரர்களோடு சேர்த்துத் தங்களை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்தவர்கள் இரண்டாவது ஜீப்பில். அந்த அம்மாவும் அதில்தான் ஏறினார். நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன். முதல் வளைவு வந்ததும் ஒரு பெண் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "யக்கா, ஆரம்பிக்கலியா?" என்றாள்.

"வாய மூடிக்கிட்டு வா. ஆளு இருக்கு" என்றார் அந்த அம்மா.

ஆள் என்றது என்னை. மேலே போகிறவரை இன்ஜின் சத்தம்தான்.

அன்று சாயங்காலம் அவரும் மகளும் ஜெபா வீட்டுக்கு வந்தார்கள். "சர்ச்சுப் பக்கமே போனதில்லன்னு சொல்லிரு, ஆத்தா. கர்த்தருக்குத் தெரியும்ல" என்று அம்மா மகளிடம் கெஞ்சினார். எல்லோரும் ஜெபாவைப் பார்த்தோம்.

"பொய் சொல்லுன்னும் என்னால சொல்ல முடியாது. உண்மையச் சொல்லுன்னும் சொல்ல முடியாது. வேலை போறது எனக்கில்லையே" என்றான். சபை, அடையாளம், ஐக்கியம் என்று இரண்டு வருடம் வகுப்பில் கேட்ட எதிலும் இந்த வாக்கியம் வரவில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு நீங்களும் வாங்கண்ணே. நடந்தத எழுதுங்க. பேரில்லாம எழுதுங்க."

இப்போது செவ்வாய், காலை 11.20. விசாரணை நடக்கிற அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் படித்துச் சரி சொன்னால்தான் இதை ஏற்றுவேன். நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம். சின்னச் சபைகளுக்குப் போக நினைப்பவர்களுக்கு: போங்கள், ஞாயிறு மாலை மூன்றரைக்குள் போய்விடுங்கள், ஊரில் தங்க இடமில்லை, கம்பத்தில் அறை கிடைக்கும். போனைப் பையிலேயே வைத்திருங்கள். அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்களோ அந்தப் பெயரில் கூப்பிடுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த ஊர் என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள்.

பத்தரைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போவதற்கு முன் "அதக் கழட்டுடி" என்று அம்மா நச்சரித்தார். கறுப்புக் கயிற்றில் கோத்த சின்னச் சிலுவை அது. அவள் கழற்றினாள். அம்மாவிடம் கொடுக்கவில்லை, ஜெபாவிடமும் கொடுக்கவில்லை. என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"நீங்கதான வெளிச்சம் போட்டுக் காட்டுனீக. இப்ப நீங்களே பொத்தி வச்சுக்கங்க."

ஐம்பது நிமிடமாக இடது கையில் இருக்கிறது. வியர்வையில் கயிறு நனைந்துவிட்டது. ஒற்றைக் கையால் தட்டுவதால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதவு திறக்கிறது. அவள்தான். முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. "என்னடி சொன்ன?" என்று அம்மா ஓடுகிறார். அவள் நிற்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு நேராக என்னிடம் வருகிறாள். நான் போகணும்.