பூசைக்கு வைத்த லிப்ட்

மதுரை தல்லாகுளத்தில் எங்கள் அலுவலகம் இருந்த ஆறு மாடிக் கட்டடத்தை இப்போது யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அது எழும்பியபோது கதையே வேறு. கோயில் கோபுரத்தை மிஞ்சப் போகிறதென்று ஒரு பேச்சு கிளம்ப, கட்டிய பட்டு வியாபாரி பயந்துபோய் ஆறு மாடியோடு நிறுத்திக்கொண்டார். கோபுரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன் பாட்டுக்கு நின்றது. மொட்டைமாடியில் அடுத்த மாடிக்கென்று விட்ட கம்பிகள் இன்றைக்கும் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. அப்போதெல்லாம் கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து கோர்ட்டுக்கு வருகிறவர்கள், வாய்தா வாங்கிய கையோடு எங்கள் லிப்டில் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு ஊர் போவார்கள்.

எனக்கு அந்த லிப்ட் வேடிக்கையில்லை, பிழைப்பு. இளம்பிள்ளைவாதம் வந்து, இடது காலில் காலிப்பர் என்ற இரும்புச் சட்டம் மாட்டி நடப்பவள் நான். லிப்டை நம்பித்தான் ஆறாவது மாடி இன்சூரன்ஸ் அலுவலகத்தில் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் என்னைத் தூக்காத ஆள் கிடையாது. பரிசு வாங்க மேடைக்குத் தூக்கிப் போவார்கள், கைதட்டுவார்கள். தட்டியது எனக்கா தூக்கியவருக்கா என்று எனக்கு இன்னும் சந்தேகம். சம்பளம் வாங்க ஆரம்பித்ததும், இனி எவனும் என்னைத் தூக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

நான் சேர்ந்த வருடம், ஆயுத பூசை விடுமுறைக்கு முந்தின சாயங்காலம், கீழே மணிச்சத்தம் கேட்டது. கட்டடத்துக்காரர்கள் லிப்டைத் தரைத்தளத்தில் நிறுத்தி, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, மெயின் சுவிட்சை அணைத்து அதற்கும் சந்தனம் வைத்துவிட்டார்கள். பூசைக்கு வைத்த ஆயுதத்தை மறுபூசை வரை தொடக் கூடாது. அரிவாள்மனைக்கும் தையல் மெஷினுக்கும் உள்ள சட்டம் லிப்டுக்கும் உண்டு என்று அவர்களாகவே தீர்மானித்திருந்தார்கள். மேலே ஒருத்தி இருப்பது பூசை முடிந்த பிறகுதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

கட்டடச் சங்கத்தின் செயலாளர் மூச்சு வாங்க ஏறி வந்தார். இரண்டாவது மாடியில் ஜவுளி ஏஜென்சி நடத்துபவர். வீட்டில் சௌராஷ்டிரம், எங்களிடம் மதுரைத் தமிழ். நல்ல மனிதர். பின்னால் இரண்டு பேர் ஒரு நாற்காலியோடு நின்றார்கள்.

"உக்காரும்மா, பூப்போல எறக்கிருவோம்."

"சுவிட்சப் போடுங்கண்ணே."

"பூசை போட்டதத் தொட்டா சாமி குத்தம் ஆயிரும்மா."

"குத்தமானா சாமி என்னண்ணே செய்யும், காலையா எடுத்துக்கும்?"

யாரும் சுவிட்சைப் போடவில்லை.

எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. காலிப்பரை நீட்டி, முதல் படியில் உட்கார்ந்து, படிக்குப் படி உட்கார்ந்தே இறங்கினேன். எனக்குப் பின்னால் அந்த நாற்காலி காலியாக, பூப்போல, இறங்கி வந்தது. கீழே சேர்ந்தபோது புடவையின் பின்பக்கம் கட்டடத்தின் அழுக்கெல்லாம் இருந்தது. பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். பசி, வாங்கித் தின்றேன்.

அடுத்த வருடம் பூசை எங்கள் மாடியில் என்று முடிவானது. சங்கக் கூட்டத்தில் நான் கை தூக்கினேன்.

"போன வருசம் லிப்டுக்குப் பண்ணியாச்சு. அம்புட்டுப் பேரும் தெனம் மிதிக்கிற படிக்கு எப்பண்ணே பண்றது?"

அவர்கள் யோசித்தார்கள். சாஸ்திரப்படி குறையொன்றும் தென்படவில்லை. செயலாளருக்கு என் முகத்தைப் பார்க்கவே கூச்சம், மறுப்பாரா? அந்தச் சாயங்காலம் ஆறாவது மாடிப் படிக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, சூடம் காட்டினார்கள். பொரி தின்று முடித்துவிட்டு எல்லோரும் கீழே இறங்க வழக்கம்போலப் படிப்பக்கம் திரும்பினார்கள்.

"சந்தனம் வச்ச படிய மிதிக்கவா போறீங்க?" என்றேன்.

திரும்பி வந்தார்கள். லிப்டில் நான்கு பேர்தான் கொள்ளும். வக்கீல்கள், ஏஜென்ட்டுகள், எங்கள் மேனேஜர் என்று கட்டடமே லிப்ட் வாசலில் வரிசை கட்டி நின்றது. அதுவோ மாடிக்கு மாடி நின்று யோசித்து யோசித்துத்தான் வரும். முதல் ஆளாக நான் நின்றேன். எனக்குப் பின்னால் செயலாளர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"எம்புட்டு நேரம்மா ஆகும்?"

"நாற்காலி கொண்டாரச் சொல்லவாண்ணே?" என்றேன்.

லிப்ட் வந்தது, நான் ஏறிக்கொண்டேன்.