தோற்ற அணிக்குக் கண்ணீர் அஞ்சலி

பேஸ்பாலை நான் ஆசைப்பட்டுப் பார்க்க ஆரம்பிக்கவில்லை. அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் கார் இல்லாவிட்டால் காலில்லாத மாதிரிதான். இருந்த ஒரே காரையும் கணவர் காலையில் ஹூஸ்டன் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். மாலையில் வந்ததும் டீவியைப் போட்டு உள்ளூர் அணியின் ஆட்டத்தைப் பார்ப்பார். வேறு பேச்சுத்துணை இல்லாததால் நானும் உட்கார்ந்தேன். அந்த வருடம் அந்த அணி தோற்ற தோல்வி இருக்கிறதே, ஐயோ! எட்டு இன்னிங்ஸ் வரை மார்தட்டிக்கொண்டு நிற்பார்கள். கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் எல்லாவற்றையும் வாரிக் கொடுத்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவார்கள்.

கணவருக்கு ரத்தம் கொதிக்கும். எனக்குக் கை அரிக்கும். கல்யாணத்துக்கு முன்பு நான் கோயம்புத்தூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் டீ ஆறுவதற்குள் முடித்துக் கொடுப்பேன். இங்கே வந்தது கணவரின் விசாவோடு ஒட்டிக்கொண்டு. வேலை பார்க்க எனக்கு அனுமதி இல்லை. வீடு, கார், போன் எல்லாம் அவர் பெயரில். நான் 'டிபென்டன்ட்'. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு தோல்விக்கு மறுநாள் லேப்டாப்பைத் திறந்தேன். கறுப்பு பார்டர், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, உதிர்ந்த ரோஜா. "நேற்று ஒன்பதாவது இன்னிங்ஸில் அகால மரணமடைந்த எங்கள் வெற்றி வாய்ப்புக்குக் கண்ணீர் அஞ்சலி. ஆறாத் துயரில் வாடும் ரசிகர் குடும்பத்தார்." யார் என்று சொல்லாமல் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி அதில் போட்டேன். பிய்த்துக்கொண்டு போனது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் பந்தைத் தொடாத பேட்டுக்குக் 'காணவில்லை' விளம்பரம் கொடுத்தேன். எப்போதாவது ஜெயித்துத் தொலைத்தால், "மைதானம் அதிரப் பந்து வீச வருகை தரும் பிட்சர் அண்ணன் அவர்களே, வருக வருக!" என்று கட்சி பேனர் வைத்தேன்.

ஒருநாள் பேர்லேண்ட் கோயில் கேன்டீனில் ஒரு ஆன்ட்டி என் போஸ்டரை என்னிடமே காட்டினார்.

"இத பாரும்மா, யாரோ ஒரு பையன் போடறான். செம நக்கல் புடிச்சவன்."

"பையன்னு எப்படி ஆன்ட்டி சொல்றீங்க?"

"பின்ன? பேஸ்பால் பத்தி இவ்ளோ டீடெய்லா நமக்கா தெரியும்?"

சிரித்து வைத்தேன். என் உழைப்பு எவனோ ஒரு பையன் கணக்கில் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த தோல்விக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. வீரர்களின் படத்தைப் போட்டால் காப்பிரைட் வம்பு. அணித் தொப்பியோடு சோபாவில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்த கணவரைப் படமெடுத்து, மாலை போட்ட மாதிரி ஃப்ரேம் கட்டி நடுவில் வைத்தேன். அவரிடம் காட்டிவிட்டுத்தான் போட்டேன். அவரும் விழுந்து விழுந்து சிரித்தார்.

நாங்கள் இரண்டு பேருமே ஒன்றை மறந்துவிட்டோம். நம் ஊரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை யாரும் படிக்க மாட்டார்கள். முகத்தைப் பார்ப்பார்கள், "அடப்பாவமே" என்பார்கள், அவ்வளவுதான். என் போஸ்டர் ஃபார்வர்ட் ஆகி ஆகி, மாமியார் இருக்கும் கோபிச்செட்டிபாளையம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் மாமியாரிடமிருந்து வீடியோ கால். எடுத்ததும் ஒப்பாரிதான் கேட்டது.

"என்ற சாமி போயிட்டானா கண்ணு! ஒரு வார்த்தை சொல்லலியே நீயி!"

அவருக்குப் பின்னால் பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தார்கள். "பந்தல்காரனுக்குச் சொல்லியாச்சுங்கோ" என்று ஒரு ஆண் குரல். கணவர் வாயில் நுரையோடு ஓடிவந்தார்.

"அம்மா! நான் இங்கதான் இருக்கேன்! பல்லு வெளக்கிட்டு இருக்கேன்!"

"எங்க, திரும்பிக் காட்டு."

அவர் சுற்றிக் காட்டிய பிறகுதான் மாமியார் நம்பினார். அதற்கப்புறம் அழுதார் பாருங்கள், முதலில் வைத்த ஒப்பாரியெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

போனை வைத்ததும் கணவர் என் பக்கம் திரும்பினார். "போதும். ஈவினிங் நான் வர்றதுக்குள்ள அந்த பேஜ டெலீட் பண்ணிடு."

"போட்டோவ எடுத்துடறேன். பேஜ எடுக்க மாட்டேன்."

"எங்கம்மா உசுரே போயிருக்கும். ஒரு ஜோக்குக்காகவா?"

"அது ஜோக் இல்லீங்க."

"வேற என்ன?"

பதிலுக்கு நிற்காமல் அவர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். அந்த பேஜும் போய்விட்டால் இந்த நாட்டில் நான் செய்தது என்று காட்ட எனக்கு ஒன்றுமே இல்லை. முடியாது. அவர் இல்லை, யார் சொன்னாலும் முடியாது. படத்தை எடுத்தேன். பிறகு நானே மாமியாரைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அழுது ஓய்ந்த குரலில் அவர் கேட்டார்.

"அதை நீயா பண்ணுனது கண்ணு?"

"ஆமாங்க அத்தை."

"அச்சு அசலா எழவு போஸ்டராட்டவே இருந்துதே!"

"கோயம்புத்தூர்ல அதானுங்களே என் வேலை. இப்பவும் இதுதானுங்க என் வேலை. உங்க மகன் படம் இனி வராது. ஆனா நிறுத்த மாட்டேனுங்க அத்தை."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. இங்கே வந்ததிலிருந்து 'என் வேலை' என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அத்தை திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கெட்டிம்பாங்க. போகுது போ," என்றார். "ஆனா ஒண்ணு கண்ணு. மூலையில கடை பேரு இல்லாம எவனாச்சும் போஸ்டர் அடிப்பானா? உன்ற பேரு இருந்திருந்தா, அட, இது நம்ம புள்ளையோட குசும்புன்னு அப்பவே தெரிஞ்சிருக்குமல்லொ."

எத்தனை ஃப்ளெக்ஸ் பண்ணியிருப்பேன்! வலது மூலையில் கடை பெயர் இல்லாமல் ஒன்றுகூட வெளியே போனதில்லை. என்னுடையதில் மட்டும் அந்த மூலையைக் காலியாக விட்டிருக்கிறேன்.

மாலையில் கணவர் வந்தார். "எடுத்துட்டியா?"

"போட்டோவ எடுத்துட்டேன். பேஜ் இருக்கு. அத்தைகிட்ட பேசியாச்சு."

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டீவி முன்னால் உட்கார்ந்தார். அணி சொல்லிவைத்தாற்போல ஒன்பதாவதில் மறுபடியும் கவிழ்ந்தது. நான் அவர் பக்கத்திலேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். கறுப்பு பார்டர், குத்துவிளக்கு, ஃப்ரேமுக்குள் உடைந்த பேட் ஒன்று. கடைசியில் வலது மூலையில் என் பெயரைத் தமிழில் அடித்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன, உன் பேரப் போட்டிருக்க?"

"ஆமாங்க. கடை என்னுதுதானே" என்று சொல்லிவிட்டு போஸ்ட்டை அழுத்தினேன்.