கோழி வைரஸும் என் நிரந்தர வேலையும்

அந்தச் செடியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக்கே யாராவது பறித்து அரைத்துக் குடித்துவிட்டு எனக்கு நன்றி சொல்லி ஆளனுப்புவார்கள். ரப்பர் மரத்துக்கு அடியில் தானாக முளைக்கிற, நாக்கில் வைத்தால் காது வரைக்கும் கசக்கிற ஒரு சின்னச் செடி. அவ்வளவு போதும்.

கொரோனா வந்து அடங்கிய காலம். தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் நான் தற்காலிக ஆசிரியை. தற்காலிகம் என்றால் ஏழு வருஷத் தற்காலிகம். ஒவ்வொரு ஜூனிலும் புது உத்தரவு கொடுப்பார்கள். ஒவ்வொரு மே மாதமும் நான் யாரென்றே தெரியாதது போல நடந்துகொள்வார்கள். அந்த வருஷம் கல்லூரிச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், ஊர்ல உள்ளவன் எல்லாம் மருந்து கண்டுபிடிக்கியான். நம்ம காலேஜில இருந்து ஒண்ணும் வரல்லியே. நம்ம மண்ணில உள்ள ஒரு மூலிகைய வச்சு ஒரு பேப்பர் போடுங்க. பேப்பர் வந்தா அடுத்த வருஷம் ஒங்க போஸ்ட் பெர்மனென்ட்."

பேப்பர் என்றால் ஆய்விதழில் வரும் கட்டுரை. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து, நிரந்தர ஆசிரியை என்று மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கொரோனா வைரஸைத் தொட எங்கள் ஆய்வகத்துக்கு அனுமதி கிடையாது. வசதியும் கிடையாது. எங்கள் குளிர்பெட்டியில் பாதி இடத்தைத் துறைத்தலைவரின் மோர் பிடித்துக்கொண்டிருந்தது. அதனால் கோழிக்குக் கழிச்சல் உண்டாக்கும் வைரஸ் ஒன்றை வாங்கினோம். முறை எளிது. தட்டில் கோழிக்கருவின் செல்களை வளர்க்க வேண்டும். அதன்மேல் வைரஸை விட்டால் இரண்டு மூன்று நாளில் செல்கள் செத்து ஓட்டை ஓட்டையாகத் தெரியும். வைரஸோடு இலைச்சாற்றையும் சேர்த்து விட்டு, ஓட்டை குறைந்தால் சாற்றில் ஏதோ சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

இலைக்கு அப்பா இருந்தார். குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவருக்கு மரத்தைக் கீறிப் பாலெடுக்கும் பால்வெட்டு வேலை. ஜூனில் வரும் இடவப்பாதி மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு சாக்கு நிறைய இலை பறித்து, பஸ்ஸில் போட்டு, கல்லூரிக்கே கொண்டுவந்துவிட்டார். துறைத்தலைவர் அவரை நிற்க வைத்தே ஒரு நீளமான படிவத்தை நிரப்பினார். மண்ணின் நிறம் என்ன, பறித்த நேரம் எது, வெயிலா நிழலா, கடல் மட்டத்துக்கு எவ்வளவு மேலே என்று கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. நடுவில் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"கேக்கியதுக்கு மட்டும் பதில் சொன்னா போரும்" என்றார் துறைத்தலைவர்.

அப்பாவும் கேட்டதற்கு மட்டும் சொல்லிவிட்டு, கேன்டீனில் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பால்வெட்டுகிற மனுஷரிடம் அறிவியலுக்கு வேண்டியது என்ன இருந்துவிடப் போகிறது என்று நானும்தான் நினைத்தேன்.

இலையைக் குழாயில் அலசி, உலர்த்தி, பொடித்து, சாறெடுத்தோம். மூன்றாம் நாள் தட்டுகளை வெளியே எடுத்தோம். வைரஸ் மட்டும் விட்ட தட்டு சல்லடையாகக் கிடந்தது. சாறு சேர்த்த தட்டில் ஒரு ஓட்டைகூட இல்லை. செல்கள் மட்டும் கொஞ்சம் வாடித் தெரிந்தன. அதைக் கட்டுரையில் ‘சிறிதளவு மாற்றம்’ என்று எழுதி நாகரிகமாகக் கடந்துவிட்டோம்.

மறு வாரமே மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே ஃபிளக்ஸ் முளைத்தது. வைரஸை வென்ற குமரி மூலிகையாம். செயலாளர் ஆளுயரத்தில் கைகூப்பிக்கொண்டு நின்றார், துறைத்தலைவர் மார்பளவில் இருந்தார், என் படம் தபால்தலை அளவுக்கு ஒரு மூலையில் இருந்தது. கோழி என்ற சொல் எங்கும் இல்லை.

கல்லூரி வாசலில் டீக்கடை வைத்திருப்பவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "டீச்சரே, அத வெறும் வயத்தில குடிக்கணுமா, சோறு தின்னுட்டா?"

"அண்ணே, அது கோழி வைரஸ்."

"அப்பம் கோழிக்குக் கொடுக்கணுமா?"

"கோழிக்கும் கொடுக்க வேண்டாம்."

"பின்ன என்னத்துக்குக் கண்டுபிடிச்சிய?"

நியாயமான கேள்வி. எங்கள் துறையில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

இதழிலிருந்து கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை: வேறு பருவத்தில் பறித்த இலையிலும் ஒரு தடவை செய்து பார்த்து, இரண்டு வரி சேர்க்க வேண்டும். தை மாதத்தில் அப்பா அதே இடத்திலிருந்து இலை கொண்டுவந்தார். இந்தத் தடவை எல்லாத் தட்டும் சல்லடை. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் வைரஸ் கல்யாணவீட்டுப் பந்தியில் உட்கார்ந்தது போலச் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது. துறைத்தலைவர் என் கை சரியில்லை என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். முதலில் பறித்ததும் இதே இடம்தானா என்று கேட்டேன்.

"இதே இடந்தான் மக்களே. அப்பம் துரிசு அடிச்சு நாலு நாளு ஆயிருக்கும். எலையெல்லாம் நீலப் புள்ளியா கெடந்து."

துரிசு என்பது நீல நிறத்தில் இருக்கும் செம்பு உப்பு; வயிற்றுக்குள் போனால் விஷம். மழையில் ரப்பர் இலை அழுகி உதிராமலிருக்க, சுண்ணாம்போடு கலக்கி மரத்துக்கு அடிப்பார்கள். கீழே நிற்கிற செடிக்கும் பங்கு கிடைக்கும். மழைக்கே கழுவிப் போகாமல் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று அடிக்கிற மருந்து, எங்கள் கல்லூரிக் குழாய்த் தண்ணீருக்கா போகும்?

"ஏம்ப்பா அன்னைக்கே சொல்லல்ல?"

"சொல்லத்தான் வந்தேன். அந்த சாரு கேட்டதுக்கு மட்டும் சொல்லச் சொன்னாவ."

"அடிச்சது யாரு?"

"நாந்தான். பின்ன ஆரு?" கத்தியைக் கீழே வைத்தார். "அப்பம் மேம்பாலத்துக்க அடியில ஃபிளக்ஸ் வச்சிருக்கது எனக்க மருந்துக்கா?"

சிரித்தேன். பிறகு உள்ளே போய் அழுதேன்.

திங்கட்கிழமை இலையே இல்லாமல், துரிசுத் தண்ணீரை மட்டும் தட்டில் விட்டேன். வைரஸ் செத்தது. நேராகச் செயலாளர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"வைரஸ் செத்துதா இல்லியா?" என்றார்.

"செத்தது சார். துரிசால."

"துரிசு எலையில இருந்துதா?"

"இருந்தது சார்."

"அப்பம் எலையில இருந்த பொருளு வைரஸக் கொன்னுது. இதில பொய் எங்க இருக்கு?"

ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாகச் சரியாகத்தான் இருந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் ரெண்டு மாசந்தான் டீச்சர். பேப்பர் வரட்டும். மே மாசம் இன்டர்வியூ, ஜூன்ல ஆர்டர். பாத்துக்கிடுங்க."

நான் பெரிய யோக்கியசிகாமணி ஒன்றுமில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதி வைத்துவிட்டு, மூன்று நாள் அனுப்பாமல் இருந்தேன். ஏழு வருஷத்துக்குப் பிறகு வரும் வேலை. தை மாதத்து முடிவை அனுப்பாமல், பழைய எண்களையே வேறு பருவத்து முடிவு போல இரண்டு வரியாகச் சேர்த்தால் போதும், யாருக்கும் தெரியாது. நாலாவது நாள் டீக்கடைக்காரர் மறித்தார்.

"எங்க அம்மைக்கு ரப்பர் தோட்டத்தில இருந்து அந்த எலையப் பறிச்சு டெய்லி கொடுக்கியேன் டீச்சர். கசக்குன்னு திட்டுது. ஃபிளக்ஸில டீச்சருக்க படமே இருக்கு, டீச்சர் பொய் சொல்லமாட்டாவ, குடின்னு சொல்லிக் குடுத்துகிட்டிருக்கேன்."

பங்குனி முடியப் போகிறது. அடுத்து துரிசு அடிக்கும் காலம். அந்த அம்மாவின் வயிற்றை நினைத்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. இனி ஒரு சொட்டு கொடுக்கக்கூடாது என்று அவரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். இருபது நிமிஷம் நின்று சொன்னேன். பிறகு ஆய்வகத்துக்குப் போய்க் கடிதத்தை அனுப்பினேன்.

மே மாதம் இன்டர்வியூ நடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் வெளியான கட்டுரைகள் எத்தனை என்று கேட்டார். இல்லை என்றேன். ஒன்று ஏற்கப்பட்டதாகக் கேள்விப்பட்டேனே என்றார். திரும்ப வாங்கிக்கொண்டேன், தப்பாக இருந்தது என்றேன். அவர் என்னை மரியாதையாகத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டே கட்டுரைக்கான கட்டத்தில் ஒரு பூஜ்யம் போட்டார். அதே வேலைக்கு எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவருக்கு மூன்று கட்டுரைகள் இருந்தன.

வராந்தாவில் செயலாளர் என் பின்னாலேயே வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"டீச்சர், ஒரு காரியம் கேக்கணும். பேத்திக்கு ரெண்டு நாளா காய்ச்சல். வீட்டில அந்த எலச்சாறு கொடுத்துகிட்டிருக்காவ. கொடுக்கலாமா?"

"வேண்டாம் சார். இப்ப துரிசு அடிச்சிருப்பாங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க."

இந்தத் தடவை அவர் பொய் எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டார். "அதை எடுத்துக் கொட்டு. ஒரு சொட்டு குடுக்கப்பிடாது. நம்ம டீச்சர் சொல்லிட்டாவ."

என் ஆராய்ச்சியை அந்தக் கல்லூரியில் முழுசாக நம்பிய ஒரே ஆள் அவர்தான். எனக்கு நன்றி சொல்லிவிட்டு, உள்ளே போய், அந்த மூன்று கட்டுரைக்காரருடைய நியமன உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.