எண் ஒன்று நின்ற இடம்

பி.பி.ஏ. கடைசி வருடத்தில் நாங்கள் இருவர் சேர்ந்து எழுதிய புராஜெக்ட் புத்தகம் ஒரகடத்தில் என் அறை அலமாரியில் இருக்கிறது. நீல அட்டை, தங்க எழுத்து, சிம்மக்கல்லில் பைண்டிங் செய்தது. அட்டையில் இரண்டு பெயர்கள். ஒன்று என்னுடையது. மற்றவள் என்னோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது. நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கும் ஒரு வரியை அன்றைக்கு நான் எடுத்திருந்தால் இன்னும் பேசிக்கொண்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டுத்தான் நான் பி.பி.ஏ. சேர்ந்தேன். அவனியாபுரத்தில் எங்கள் தெருவிலேயே நான்கு லேத் பட்டறைகள் உண்டு. நான்கிலும் வேலை கேட்டேன். நான்கிலும் ஒரே பதில்: “மிஷின் பக்கம் வேணாம்மா, ஆபீஸ்ல உக்காரு.” சரி, ஆபீஸில் உட்காருவதையே முறையாகப் படித்துவிடலாம் என்று சேர்ந்தேன். வகுப்பில் மற்ற எல்லோரையும்விட எனக்கு ஒரு வயது கூட. பையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தவளும் நான் ஒருத்திதான்.

அவள் பரவைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடப்புத்தகத்தைப் பார்த்து அழுதாள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். இரண்டாம் செமஸ்டரில் அழுகையை விட்டுவிட்டு ஓரத்தில் பென்சிலால் உரை எழுத ஆரம்பித்தாள். ஸ்பான் ஆஃப் கன்ட்ரோல்: ஒரு ஆள் எத்தனை ஆடு மேய்க்கலாம். டெலிகேஷன்: தம்பியைக் கடைக்கு அனுப்புவது. டெலிகேஷன் தோற்பது: தம்பி மிச்சக் காசுக்கு மிட்டாய் வாங்குவது. தேர்வுக்கு முந்தின நாள் பாதி வகுப்பு அவள் புத்தகத்தைத்தான் இரவல் கேட்கும். நான் எல்லாவற்றையும் பாயிண்ட் பாயிண்டாக எழுதி மனப்பாடம் செய்வேன். “ஒனக்கு மூளைக்குள்ளயும் நம்பர் போட்டுத்தான் இருக்கும் டீ” என்பாள்.

கல்லூரி விட்டதும் சிம்மக்கல்லில் பஸ் மாறுவோம். பழக்கடைகளின் முன்னால் வைக்கோலும் அட்டைப்பெட்டியுமாகக் கிடக்கும் இடத்தில்தான் நிற்போம். என் பஸ் முதலில் வரும். அவள் ஊர்ப் பஸ் எப்போது வரும் என்று அந்த டிரைவருக்கே தெரியாது. அவள் ஏறும்வரை என் பஸ்ஸை விட்டுவிடுவேன். ஒரு நாளில் அதிகபட்சம் நான்கு பஸ் விட்டிருக்கிறேன். மாலையில் நான் செய்ய வேண்டியவை என்று எழுதி வைத்திருந்த பட்டியலில் இந்தக் காத்திருப்பு ஒருநாளும் இடம்பெறவில்லை. ஆனால் அதற்காகத்தான் மற்றவற்றையெல்லாம் தள்ளிப்போட்டேன்.

புராஜெக்டுக்குப் பரவை காய்கறி மார்க்கெட் என்பது என் யோசனை. ஒரு மூட்டை லாரியிலிருந்து கமிஷன் கடைத் தராசுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது, எங்கே வீணாகிறது என்று அளப்பது. பாலிடெக்னிக்கில் லேத்தை வைத்துப் படித்ததை மனிதர்களை வைத்துச் செய்து பார்க்கும் ஆசை எனக்கு. யோசனையைச் சொன்னபோது அவள் எந்தக் கடை, எந்தக் கிழமை என்று மட்டும் கேட்டாள். பிறகு “சரி, வாரேன்” என்றாள்.

மூன்று சனிக்கிழமைகள், காலை ஆறு மணிக்கு. ஐந்து லோடுமேன்கள் தலையில் சும்மாடு வைத்து வெங்காய மூட்டையோடு வரிசையாகப் போவார்கள். முன்னால் போகிறவருக்கு எண் ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு என்று போட்டுக்கொண்டேன். நான் லாரிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவேன். அங்கிருந்து பார்த்தால், நடுவில் அடுக்கியிருந்த மூட்டைகளுக்கு மேலே அவர்களுடைய தலையும் சுமையும் மட்டும் நகர்ந்து போவது தெரியும்.

“என்ன பாப்பா, ஓட்டப்பந்தயமா? பரிசு உண்டா?” என்றார் ஒருவர்.

“மொத வாரவுகளுக்கு ஒரு கட்டு கொத்தமல்லி, அண்ணே” என்றாள் இவள்.

“அதையும் நாங்கதான சொமந்து எறக்குனோம்!”

எல்லோரையும் அண்ணே, அண்ணே என்று அழைத்து, பேச்சுக் கொடுத்து, பெயர், வயது, எத்தனை வருடமாக வேலை என்று என் கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு வந்தாள். எண் ஒன்றை மட்டும் அவள் எதுவும் சொல்லி அழைக்கவில்லை. அவருடைய தாள் தானாகவே நிரம்பி வந்தது. இதை நான் கவனித்தது பிறகுதான். அன்றைக்குத் தாள் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

கணக்குப் போட்டபோது ஒன்று துலக்கமாகத் தெரிந்தது. எண் ஒன்று ஒவ்வொரு நடையிலும் பாதி வழியில், ஒரே இடத்தில், தலையில் மூட்டையோடு நின்றுவிடுகிறார். இருபது செகண்டு, இருபத்திரண்டு செகண்டு. மற்ற நால்வரும் அவரைத் தாண்டிப் போகிறார்கள். நாற்பத்தோராம் பக்கத்தில் எழுதினேன்: “எண் ஒன்று: காரணமற்ற தாமதம். இவரை எடை போடும் இடத்துக்கு மாற்றினால் நேரம் மிச்சமாகும்.” எழுதி முடித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பைண்டிங் கடையில் தாள்களைக் கொடுக்கும் முன் அவள் ஒருமுறை புரட்டிப் பார்த்தாள்.

“ஏ, இந்த ஒத்த வரிய மட்டும் எடுத்துருவோமா?”

“அளந்தத எப்படிடி எடுக்குறது? டேட்டாவுல கை வைக்கக் கூடாது.”

“எடுத்தா என்ன, குடியா முழுகிப்போகும்?”

“ரெண்டு மணிக்குள்ள குடுத்தாத்தான் நாளைக்குக் கெடைக்கும்.”

அவள் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி, அவளே கடைக்காரரிடம் கொடுத்தாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் புத்தகத்தைப் புரட்டி, நேராக அந்தப் பக்கத்தில் நின்றார். “இந்த ஆள் ஏன் நிற்கிறார்? கேட்டீர்களா?” நான் பதில் வைத்திருந்தேன். வயது, களைப்பு, மேற்பார்வை இல்லாமை என்று மூன்று காரணங்கள். மூன்றையும் வரிசையாகச் சொன்னேன்.

“அது இல்ல சார்” என்றாள் பக்கத்தில் நின்றவள். “அந்த எடத்துல சாக்கடைக்கு மேல ஒரு கல்லு சிலாப்பு கெடக்கு. ஆடும். மூட்டையோட மிதிச்சா கவுத்து விட்டுரும். மொதல்ல போறவரு அந்தப் பக்கம் போயி அது முனைய மிதிச்சுக்கிட்டு நிப்பாரு. பின்னாடி வர்ற நாலு பேரும் தாண்டுன பெறகுதான் காலை எடுப்பாரு. அவரு நிக்கிறதுனாலதான் மத்தவங்க நேரம் கம்மியா இருக்கு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எங்க அப்பா சார்.”

பேராசிரியர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளிடம் இன்னும் நான்கைந்து கேள்விகள் கேட்டார். அவள் சொன்ன பதில்கள் எதுவும் என் காதில் விழவில்லை. நல்ல மதிப்பெண் வந்தது, இருவருக்கும் ஒரே மதிப்பெண். கமிஷன் கடைக்கு நாங்கள் நகல் கொடுக்காததால் அந்த வரியால் அவள் அப்பாவுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. அதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன்.

அன்று மாலை சிம்மக்கல்லில், எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றோம்.

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“அப்பாதான் சொன்னாரு, யாருன்னு தெரியாத மாதிரியே இருந்துக்கன்னு. ஆளத் தெரிஞ்சா அந்தப் பிள்ளைக்கு அளவு சரியா வராதுன்னாரு.”

“பைண்டிங் கடையிலயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேனே. அந்த வரிய எடுன்னு சொன்னேன். ஏன்னு நீ கேக்கல.”

கோபமாகச் சொல்லவில்லை. மூன்று வருடமாக என் டிபன் பாக்ஸிலிருந்து எடுத்துச் சாப்பிட்டவள், பருவத்தேர்வு நாட்களை என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருந்தவள், சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளைப் பற்றி எனக்கு என்னென்ன தெரியும் என்று அந்த இடத்திலேயே மனம் வரிசை போட்டது. பிடித்த நிறம், பயப்படும் பாடம், தம்பி படிக்கும் பள்ளி, அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பு. அப்பா என்ன வேலை செய்கிறார் என்று நான் கேட்டதே இல்லை.

அவனியாபுரம் பஸ் வந்தது. நான் நகரவில்லை.

“ஒம் பஸ்சு வந்துருச்சு, ஏறு” என்றாள்.

மூன்று வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வேறு பக்கம் திரும்பி, தன் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தேர்வு வந்தது. தேர்வு ஹால் வாசலில் சிரித்தோம், வினாத்தாள் பற்றிப் பேசினோம். ரிசல்ட் வந்தபோது வாழ்த்து அனுப்பினாள், நானும் அனுப்பினேன். அதன் பிறகு ஒன்றுமில்லை. மன்னிப்பு கேட்டு எழுதினேன்; அதைக்கூட ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு எழுதியிருந்தேன். படித்துப் பார்த்துவிட்டு, அனுப்பாமலே அழித்தேன். ஒரகடத்தில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. யாராவது நின்றால் இறங்கிப் போய் அவர்கள் காலைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன். மேலதிகாரி என்னை மெதுவான ஆள் என்கிறார்.

இந்தப் பொங்கல் லீவில் பரவைக்குப் போனேன். அவள் அப்பாவைப் பார்த்து என்ன சொல்வது என்று எதையும் தயார் செய்துகொள்ளாமல் போனேன். சாக்கடை மேல் இப்போது முழு நீளத்துக்குக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். சிலாப்பு இல்லை. அன்றைக்குப் பரிசு உண்டா என்று கேட்ட லோடுமேன் மட்டும் அடையாளம் தெரிந்தார்.

“அண்ணே, முன்னாடி நடந்து போவாருல்ல, அவரு...”

“அவரா? மக கோயமுத்தூருக்கு வேலைக்குப் போச்சுல்ல, போன வருசமே கூட்டிட்டுப் போயிருச்சு. மூட்டைய எறக்கி வைங்கன்னு ஒரே அடம். நீ ஸ்டாப்வாட்ச்சு பாப்பாதான? எங்க கொத்தமல்லி?”

சிரித்தேன். அவர் அடுத்த மூட்டைக்குப் போனார். எண் ஒன்று நிற்கும் இடத்தை மனக்கணக்காக அளந்து அங்கே போய் நின்றேன். மூட்டைக்காரர்கள் நிற்காமல் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். “ஓரமா நில்லும்மா, வழிய மறிக்காத” என்று ஒருவர் சத்தம் போட்டார். கீழே தெரிந்த கான்கிரீட்டையும் என் செருப்பு முனையையும் ஒரு படம் எடுத்து, அவளுடைய பழைய போன் எண்ணுக்கு அனுப்பினேன். கூட எதுவும் எழுதவில்லை.

சிம்மக்கல்லுக்குத் திரும்பும் பஸ்ஸில் பதில் வந்தது.

“எத்தன செகண்டு நின்ன?”

எண்ணவில்லை என்று எழுதி அனுப்பினேன். அது உண்மை.

சிம்மக்கல்லில் இறங்கி, பழக்கடைகளின் முன்னால் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவனியாபுரம் பஸ் வந்தது. அதை விட்டேன்.