புகைக்கூடத்துப் பலகைகள்

மலாக்காவில் ஜாசின் ஊர்ப்பக்கத்துத் தோட்டமொன்றில் பதினெட்டு வருஷம் ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயவைத்தவர் வீரமுத்து. ஒரு நாள் புகைக்கூடம் பற்றிக்கொண்டது. பின்கதவு வழியாக ஓடித் தப்பித்தார். தோட்டத்தை விற்றபின் மலாக்கா டவுனுக்கு வந்து தச்சு வேலையில் இறங்கினார்.

தொண்ணூற்றாறில் கிளேபாங் கடலோரம் கணேஸ்வரன் என்ற இளம் முதலாளி ஒரு கடை எடுத்தான். அங்கேயே பீர் காய்ச்சி ஊற்றிக்கொடுக்கும் சாப்பாட்டுக்கடை. நடுக்கூடத்தில் செம்பு அண்டா, அடியில் கேஸ் அடுப்பு. ரப்பர்ப் பால் பிடிக்கும் கோப்பைகளில் விளக்கு, நாற்காலிக்குப் பதில் அந்தப் பாலைச் சுமக்கும் டின்கள். சுவர் முழுக்க, வேறொரு தோட்டத்தில் இடித்துப்போட்ட புகைக்கூடத்தின் கறுத்த பலகைகள். எந்தப் புண்ணியவான் மண்டையில் உதித்ததோ! வேலை வீரமுத்துவுக்கு. முடித்துக் கொடுத்தால் அவர் மனைவி சுசீலாவுக்குச் சமையலறையில் வேலை என்று வாக்கும் கொடுத்தான். ஃபேக்டரி மூடி எட்டு மாதமாக வீட்டில் குமைந்துகொண்டிருந்தவள், கேட்டதும் அழுதே விட்டாள்.

பலகையைத் தொட்டதுமே கை பிசுபிசுத்தது. முப்பது வருஷப் புகை ஊறிய மரம். பொறி பட்டால் போதும். பயத்தை விழுங்கிக்கொண்டு கணேஸ்வரனிடம் பக்குவமாகச் சொல்லிப்பார்த்தார். அவன் சிரித்துவிட்டு, மேலே வார்னிஷ் அடிக்கச் சொன்னான்.

அதோடு விட்டானா? லைசென்ஸுக்காகத் தீயணைப்புக்காரர்கள் வந்து பார்த்துப்போன மறுநாள், பக்கத்துக்கடை முதலாளியான சீனத் தவுக்கே சொன்னதாக ஒன்றைக் கொண்டுவந்தான். சமையலறையின் பின்கதவைக் காட்டினான்.

“முன்வாசலும் பின்வாசலும் நேருக்கு நேரா இருந்தா, வர்ற அதிர்ஷ்டம் அப்படியே வெளிய போயிடுமாம்ணே. பலகை போட்டு அடிச்சிடுங்க.”

“பாஸ், கிச்சனுக்கு வேற வழி இல்லியே. கூடத்துல தீப்பிடிச்சா எப்படி வெளிய வருவாங்க?”

“அக்காவுக்கு வேலை வேணாமாண்ணே?”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பானேன் என்று வீரமுத்து சுத்தியலை எடுத்தார். மூன்றங்குல ஆணிகளாகப் பார்த்து அடித்தார். அங்கே கதவு இருந்ததென்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்; அத்தனை சுத்தமான வேலை. அவருக்கே தன் கைமேல் வெறுப்பாக இருந்தது.

திறப்புவிழாவன்று கூட்டம் நெரிந்தது. கணேஸ்வரன் பூசணிக்காயின்மேல் கட்டிக் கற்பூரம் ஏற்றிக் கூடத்தைச் சுற்றி வந்தான். சுவர் ஓரம் சுடர் போனபோதெல்லாம் வீரமுத்து ஓர் அடி முன்னால் வைத்தார். பூசணிக்காயை வெளியே கொண்டுபோய் உடைத்தார்கள். உள்ளே அண்டாவின் அடியில் கேஸ் அடுப்பு பற்றியது. கொஞ்ச நேரத்தில் பலகைகள் சூடேறி, வார்னிஷையும் மீறிப் பழைய புகைநாற்றம் கிளம்பியது.

சமையலறைக்கு ஓடினார். சுசீலா புதுப்புடவையின்மேல் ஏப்ரன் கட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூட மூன்று பெண்கள். அவளைத் தனியே இழுத்து, வீட்டுக்குப் போய்விடலாம், இந்த வேலை வேண்டாம் என்றார். பின்கதவை அடைத்தாயிற்று என்றும் சொன்னார்.

அவள் திரும்பி அந்தச் சுவரைப் பெருமையோடு பார்த்தாள்.

“நீங்க அடிச்சதுதானே? அப்புறம் எனக்கென்ன பயம்?” என்று சொல்லிவிட்டு வெங்காயத்திடம் போனாள்.