லாக்கப்பில் டீ வாங்கிக் கொடுத்த இன்ஸ்பெக்டர்

அன்னூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குத் தம்பி போன் செய்தான். "அக்கா, மெத்தக்கடை பாய் தவறிப்போயிட்டாரு. மத்தியானத் தொழுகை முடிஞ்சதும் எடுக்கறாங்களாம், கெளம்பி வா." மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்கத் தயங்கி நின்றதில் ஒரு பஸ் போய்விட்டது. உக்கடத்தில் இறங்கி எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது அவரைக் கொண்டுபோயிருந்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த யாரோ, "தங்கமான மனுசன். இந்தி ஒண்ணுதான் வரல" என்றார். துக்கத்திலும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தப் பேச்சைத் தெருவில் தொடங்கி வைத்தவள் நான்.

யூசுப் பாய் எங்கள் தெருமுனையில் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருந்தார். வாலிபத்தில் பம்பாய்த் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்தவர். தெருவில் முதலில் டிவி வாங்கியதும் அவர்தான். நான் நான்காம் வகுப்புப் படித்த காலத்தில், டெல்லியிலிருந்து வாரா வாரம் வந்த இந்திப் போலீஸ் தொடரைப் பார்க்க அவர் வீட்டுக் கூடம் நிறைந்துவிடும். எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. பாய் டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்வார். அவர் வாயில் பம்பாய் இன்ஸ்பெக்டர் கோயமுத்தூர்க்காரராகிவிடுவார். "ஏனுங்க, அந்தக் கத்தியக் கீழ வெச்சுப்போட்டு இப்படி வாங்க" என்று கொலைகாரனைக் கூப்பிடுவார்.

"கொலகாரனுக்கு எதுக்குங்க பாய் இத்தன மரியாத?" என்று யாராவது கேட்பார்கள்.

"கையில கத்தி இருக்குதல்லங்க" என்பார்.

நான் பி.எஸ்சி. கடைசி வருடம் படித்தபோது அவர் மகன் துபாயிலிருந்து விசிஆர் கொண்டுவந்தார். அந்தப் பழைய தொடர் கேசட்டாக வந்திருப்பதைக் காந்திபுரத்து வீடியோ கடையில் பார்த்துவிட்டு, பாய் வாடகைக்கு எடுத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய கூட்டம் மறுபடி கூடியது. அம்மாவும் வந்திருந்தாள். இடையில் நான் இந்திப் பரீட்சைகள் எழுதித் தேறியிருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆனாலும் நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன்.

அன்று ஓடிய கதையில் ஒரு மில் தொழிலாளியை விசாரணைக்குக் கூட்டிப்போகிறார்கள். பாய் வழக்கம்போல் சொல்லத் தொடங்கினார். இன்ஸ்பெக்டர் அந்த ஆளுக்கு டீ வாங்கிக் கொடுக்கிறார். "பயப்படாதீங்க, பொழுதோட ஊட்டுக்குப் போயிரலாம்" என்று தைரியம் சொல்லி அனுப்பிவிடுகிறார். கடைசியில் வெள்ளைத் துணி மூடிய உடல் ஒன்று திரையில் வந்தது. "இது வேற கேஸுங்க. ரயில்ல அடிபட்ட ஆளு" என்றார் பாய். சிறு வயதில் நான் கேட்ட அதே கதை.

"இல்லீங்க பாய்" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். "அது அந்தத் தொழிலாளிதானுங்க. ஸ்டேஷன்ல அடிச்சதுல செத்துட்டாரு. டீயெல்லாம் யாரும் குடுக்கலீங்க. நடந்தத வெளிய சொல்லக் கூடாதுன்னுதான் இன்ஸ்பெக்டர் பேசிட்டிருக்கறாரு."

பக்கத்து வீட்டு ரங்கசாமி மாமாதான் முதலில் சிரித்தார். "ஏனுங்க பாய், பம்பாய்ல என்னதான் பண்ணிட்டிருந்தீங்க? இத்தன வருசமா சொந்தச் சரக்கையா அளந்து உட்டீங்க?"

பாயும் சிரித்தார். "அரகொற இந்திய வெச்சு ஓட்டிட்டிருந்தேனுங்க. இனி அம்மணி சொல்லட்டும், நான் கேக்கறேன்" என்று ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். அடுத்த கதையை நான் சொன்னேன். ஒரு வசனம் விடாமல், பிழையில்லாமல் சொன்னேன். அதன் பிறகு பாய் யாருக்கும் கதை சொல்லவில்லை. கடைக்கு வடநாட்டு வியாபாரி யாராவது வந்தால், "அம்மணியக் கூட்டியாரட்டுங்களா பாய்?" என்று தெருவே கேலி செய்தது.

துக்க வீட்டிலிருந்து திரும்பிய பிறகுதான் அம்மா வாய் திறந்தாள். அந்தக் கதை முதன்முதலாக டிவியில் வந்த வாரம் அப்பா போலீஸ் ஸ்டேஷனில் இருந்திருக்கிறார். மில் ஸ்டிரைக்கில் கல்லெறிந்ததாகப் பலரோடு சேர்த்துப் பிடித்துப் போயிருந்தார்கள். வெளியூர் போயிருக்கிறார் என்று எனக்குச் சொல்லிவிட்டு, அம்மா சாப்பிடாமல் கிடந்தாள். பாயின் மனைவிதான் வற்புறுத்தி எங்களை டிவி பார்க்க அழைத்துப் போனார். கதை எங்கே போகிறது என்பது பாய்க்குப் பாதியில்தான் தெரிந்திருக்கும்.

"டிவிய நிறுத்தியிருந்தா ஏன்னு கேட்டிருப்பேன்" என்றாள் அம்மா. "அவரு நிறுத்தல. அந்தாளுக்கு டீ வாங்கிக் குடுத்துட்டாரு. அன்னைக்குத்தான் ஊட்டுக்கு வந்து ரெண்டு வாய் சோறுண்டேன்." சில நாளில் அப்பா திரும்பி வந்துவிட்டார்.

அம்மாவுக்கே உண்மை தெரிந்தது நான் பாயைத் திருத்திய அந்த ஞாயிற்றுக்கிழமைதான். மறுநாள் கடைக்குப் போய், பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றிருக்கிறாள். பாய் விடவில்லை. "வேண்டாமுங்க. அந்தக் கண்ணு நேத்துத்தான் நாலு பேர் முன்னால பேசுச்சு. இதச் சொன்னீங்கன்னா மறுக்கா வாயவே தொறக்காது."

அன்று வந்த தைரியத்தில்தான் நேர்முகத் தேர்வில் பதில் சொன்னேன், இந்த வேலையில் சேர்ந்தேன். வாரக் கடைசியில் ஊருக்கு வரும்போதெல்லாம் கடைக்குள்ளிருந்து, "என்ன அம்மணி, ஆபீஸ்ல நல்லாப் பேசறயா?" என்று கேட்பார். பேசத் தெரிந்தவள் அவரிடம் மட்டும் தலையை ஆட்டிவிட்டு நடந்துவிடுவேன். ஒருமுறைகூட நின்று பேசியதில்லை.

அந்தக் கூடத்தில் என்னோடு இருந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியது என் கடமை. யூசுப் பாய்க்கு இந்தி நன்றாகத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வசனமும் புரிந்துதான் மாற்றிச் சொன்னார்.

கேசட்டில் இருக்கும் கதை எங்கும் கிடைக்கும். அவர் சொன்ன கதை இனி என்னிடமும் அம்மாவிடமும்தான் இருக்கிறது. அதில் அந்தத் தொழிலாளி டீயைக் குடித்துவிட்டு, இன்ஸ்பெக்டரிடம் சொல்லிக்கொண்டு, பொழுதோடு வீட்டுக்குப் போகிறார். அவருக்குக் கதவைத் திறக்கிற பெண்ணுக்கு என் அம்மாவின் முகம்.